தரங்கம்பாடிக்குப் போகாதே

மஸ்கட்
14.6.1998

அன்புள்ள தங்கை லின்சிக்கு, அண்ணன் ஆல்பின் எழுதுவது.

ஆண்டவர் புண்ணியத்தில் நான் சுகம். வெயில்தான் தாங்கவில்லை. சூப்பர் மார்க்கெட் கிடங்குக்குள்ளேயே வேலை என்பதால் தப்பித்துக்கொண்டிருக்கிறேன். அம்மாவுக்கு ரத்த அழுத்தம் எப்படி இருக்கிறது? மாத்திரையை விடாமல் சாப்பிடச் சொல். ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டதா, குறுவைக்கு நாற்று விட்டாயிற்றா என்று எழுது.

நம் தெரு ஜோசப்ராஜ் லீவு முடிந்து போன வாரம் திரும்பி வந்தான். நீ கும்பகோணத்தில் ஜெகபர் அலி என்பவருடைய டி.டி.பி. சென்டரில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஏதோ படம் போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்ததாகச் சொன்னான். பி.எட்.டுக்கு விண்ணப்பம் போட்டதாக நீ எழுதியிருந்தாய். அதற்குப் பிறகு அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. நானும் பெரிதாக நினைக்கவில்லை. இப்போது நினைக்கிறேன்.

கணக்கில் முதல் வகுப்பு வாங்கிய பெண் டீச்சர் வேலைக்குப் போகாமல் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற கடைக்குப் போகிறாள் என்றால், அது அவளுக்குத் தானாகத் தோன்றிய யோசனையாக இருக்காது. யாரோ சொல்லித்தான் இது நடக்கிறது. யார் அது? பெயரை மறைக்காமல் எழுது. ஜோசப்ராஜ் வீட்டுப் போனில் பேசலாமென்றால் தெருவே காது கொடுத்துக் கேட்கும். அதனால்தான் கடிதம்.

இதை அம்மாவுக்குப் படித்துக் காட்டாதே. நலம் விசாரித்ததாக மட்டும் சொல்.

அன்புடன்,
ஆல்பின்


சவேரியார்பட்டி
30.6.1998

பாசமுள்ள அண்ணாவுக்கு, லின்சி வணக்கம்.

நானும் அம்மாவும் நலம். தண்ணீர் இன்னும் நம் வாய்க்காலுக்கு வரவில்லை. போர்வெல் வைத்திருப்பவர்கள் நாற்று விட்டுவிட்டார்கள், நாம் காத்திருக்கிறோம். அம்மா மாத்திரை சாப்பிடுகிறாள்.

யார் சொல்லி என்று கேட்டிருக்கிறீர்கள். யாரும் சொல்லவில்லை. ஜெகபர் அலி பாய்க்கு உங்களைப்போல் இரண்டு மடங்கு வயது. கடையில் அவருடைய மனைவியும் உட்கார்ந்திருப்பார்கள். ஜோசப்ராஜ் அதைச் சொல்ல மறந்திருப்பார்.

நான் ஏழாவது படித்தபோது அம்மா விதை மாற்றி விதைத்தது நினைவிருக்கிறதா? விதைக் கடையில் குறுவை நெல்லுக்கும் சம்பா நெல்லுக்கும் ஒரே பை. இரண்டிலும் ஒரே ரோஜாப்பூ படம். அடியில் எறும்பு மாதிரி சின்ன எழுத்தில் ரகம் போட்டிருந்தது. எழுத்துக்கூட்டிப் படிக்கிற அம்மாவுக்கு அது எப்படித் தெரியும்? பக்கத்து வயல் அறுப்பு முடிந்த பிறகும் நம் வயல் கதிரே வாங்காமல் பச்சையாக நின்றது. தன்னை முட்டாள் என்று அம்மா திட்டிக்கொண்டாள். எனக்கு அந்தப் பையைப் போட்டவன்மேல்தான் கோபம் வந்தது.

அதிலிருந்து எதைப் பார்த்தாலும் மேலே இருக்கிற அச்சைத்தான் முதலில் பார்ப்பேன். நீங்கள் முதல் லீவில் கொண்டுவந்த பால்பவுடர் டின்னில் இருந்த அரபி எழுத்தை, எந்தப் பக்கமிருந்து தொடங்குவது என்றே தெரியாமல் வரைந்து பார்த்தேன். கும்பகோணத்தில் அடுத்தடுத்த இரண்டு கடையில் ஒரே காப்பிக்கொட்டைதான் அரைக்கிறார்கள். ஒருவர் சிவப்பு உறையில் போடுகிறார், அங்கேதான் கூட்டம். பொடி டப்பா, பட்டாசு லேபிள், உரச் சாக்கு என்று எதையும் நான் விட்டதில்லை.

இத்துடன் ஒரு பிரிண்ட் வைத்திருக்கிறேன். மருதம் விதைக் கடைக்கு நான் செய்த பை. குறுவைக்குப் பச்சை, சம்பாவுக்குக் காவி. கடைப் பெயரைக் கம்ப்யூட்டர் எழுத்தில் போடாமல் கையால் எழுதி ஸ்கேன் செய்தேன். அம்மாவிடம் இரண்டு பையையும் காட்டினேன். தூரத்தில் இருந்தே எது எது என்று சொல்லிவிட்டாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
லின்சி


மஸ்கட்
2.8.1998

அன்புத் தங்கைக்கு,

நலம். உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

சாக்கையும் டப்பாவையும் பார்த்து யாரும் படிப்பை விடமாட்டார்கள். நீ சொன்னதெல்லாம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் ஒன்றை மறைப்பதற்காக ஒன்பதைச் சொல்கிற மாதிரி இருக்கிறது.

அந்தப் பையின் பிரிண்ட்டைக் கட்டிலுக்கு மேலே ஒட்டி வைத்திருந்தேன். பிறகு எடுத்துவிட்டேன். 'மருதம்' என்பதில் இரண்டு 'ம' வருகிறது. இரண்டிலும் கடைசிக் கோடு மேலே போய் வெளிப்பக்கமாக வளைந்து வால் மாதிரி முடிகிறது. பள்ளிக்கூடத்தில் அப்படி யாரும் சொல்லித் தருவதில்லை. அந்த 'ம' உன் கைக்கு எங்கிருந்து வந்தது? அதை எழுதிக் கொடுத்தது யார்?

இதற்கு மட்டும் பதில் எழுது. அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

ஆல்பின்


சவேரியார்பட்டி
28.8.1998

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் நலம். உங்கள் நலத்துக்கு மாதாவை வேண்டுகிறோம். நடவு ஒருவழியாக முடிந்தது. நடவாள் கிடைக்காமல் அம்மாவே வயலில் இறங்கிவிட்டாள். இப்போது முதுகுவலி.

அந்த 'ம' நான் எழுதியதுதான், சத்தியமாக. எங்கே பார்த்தேன் என்று கேட்டால் சொல்கிறேன். போன வருடம் கல்லூரியிலிருந்து தரங்கம்பாடிக்கு அழைத்துப் போனார்கள். எல்லோரும் கோட்டையைப் பார்த்தார்கள். நான் கரையில் கிடந்த படகுகளைப் பார்த்தேன். ஒவ்வொரு படகிலும் பெயர், நீலத்தின்மேல் மஞ்சள், சிவப்பின்மேல் வெள்ளை. அலை வந்து மோதுகிற இடத்தில் எழுத்து நிற்கவேண்டும், தூரத்தில் வரும்போதே கரையிலிருப்பவர்களுக்குப் புரியவேண்டும். அதனால் எழுத்துக்கு இடுப்பு தடித்திருந்தது. 'ம'வுக்கு வால் இருந்தது. அதைப் பார்த்துத்தான் எழுதினேன்.

எழுதியவர் யாரென்று நான் விசாரிக்கவில்லை.

இன்னொரு விஷயம். சென்னையில் ஒரு விளம்பர நிறுவனம் அடுத்த வருடத்துக்குப் பயிற்சி டிசைனர்களை எடுக்கிறது. நாம் செய்த வேலைகளை அனுப்பவேண்டும். அதோடு ஏன் இந்தத் தொழிலுக்கு வருகிறாய், உன்னைப் பாதித்தவர்கள் யார் என்று ஒரு பக்கம் எழுதிக் கேட்டிருக்கிறார்கள். நீங்கள் கேட்டதையேதான் அவர்களும் கேட்கிறார்கள், கொஞ்சம் மரியாதையாக. விண்ணப்பிக்க உங்கள் சம்மதம் வேண்டும்.

இப்படிக்கு,
லின்சி


மஸ்கட்
20.9.1998

லின்சிக்கு,

நான் சுகம். அம்மாவை இனி வயலில் இறங்கவிடாதே.

தரங்கம்பாடிக்குப் போகாதே. கடற்கரை ஊர், தெரியாத ஆட்கள். தனியாகவும் வேண்டாம், துணையோடும் வேண்டாம். அம்மாவிடம் அந்த ஊர்ப் பேச்சை எடுக்காதே. படகு, எழுத்து, எதுவும் வேண்டாம்.

உனக்கு டிசைன்தான் படிக்கவேண்டுமென்றால் படி. வரும்போது நல்ல கம்ப்யூட்டராக வாங்கி வருகிறேன். வீட்டிலேயே வைத்துச் செய். சென்னை விஷயத்தைப் பிறகு பார்க்கலாம். நான் சொன்ன ஒன்றை மட்டும் கேள்.

ஆல்பின்


சவேரியார்பட்டி
10.11.1998

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் சுகத்தை அறிய ஆவல். இங்கே விடாத மழை. தாளடி நட்ட வயலெல்லாம் முழுகி இப்போதுதான் வடிகிறது. பதில் எழுதத் தாமதமானதற்கு மழையைக் காரணம் சொல்லலாம், ஆனால் அது காரணமில்லை.

ஜூன் மாதம் டீச்சராகத்தான் போகவேண்டும் என்றீர்கள். செப்டம்பரில் கம்ப்யூட்டரே வாங்கித் தருகிறேன் என்கிறீர்கள். நடுவில் நான் எழுதியது ஒரு ஊரின் பெயர் மட்டும்தான். சந்தோஷப்படவேண்டிய கடிதம் அது, எனக்குப் பயமாக இருந்தது.

கல்லறைத் திருநாளுக்குக் கோவிலுக்குப் போனோம். எல்லோரும் அவரவர் கல்லறையைச் சுத்தம் செய்து பூ வைத்தார்கள். நாம்தான் வழக்கம்போல் நடுவில் இருக்கிற பெரிய சிலுவையடியில் அப்பாவுக்காக மெழுகுவர்த்தி ஏற்றினோம். மழையில் அது நிற்கவில்லை. அம்மா தன் முந்தானையைப் பிடித்து மறைத்துக்கொண்டு நின்றாள். மதலைமுத்து ஆன்மா இளைப்பாற என்று சாமியார் பூசையில் பெயர் வாசித்தார்.

அப்பா இறந்த செய்தி வந்தபோது எனக்கு ஏழு வயது. எனக்கு ஒன்றும் தெரியாது. போய்ப் பார்த்து வந்தது நீங்கள்தான். அதனால் கேட்கிறேன். எந்த ஊரில், எந்தக் கல்லறையில் வைத்திருக்கிறார்கள்? யார் அடக்கம் செய்தார்கள்? ஒருநாள் போய் அங்கேயே மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வரலாமென்று ஆசை. அம்மாவையும் கூட்டிப் போவேன்.

அம்மா உங்களை நேரத்துக்குச் சாப்பிடச் சொன்னாள்.

லின்சி


மஸ்கட்
5.12.1998

லின்சிக்கு,

இங்கே எல்லாம் வழக்கம்போல். ஆண்டவர் உங்கள் இருவரையும் காப்பாராக.

அப்பா விஷயம் முடிந்துபோனது. காரைக்காலில் தர்ம ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். நான் போனபோது அடக்கம் முடிந்திருந்தது. இடத்துக்கு அடையாளம் கிடையாது. அம்மாவைக் கூட்டிக்கொண்டு அலையாதே, அவளுக்கு உடம்பு தாங்காது.

இப்போது நான் கேட்கிறேன். இங்கே என்னோடு வேலை பார்க்கிற சேக் தாவூதுக்குத் தரங்கம்பாடிப் பக்கத்தில் பொறையாறு. அக்டோபரில் ஊருக்குப் போயிருந்தான். நம் வீட்டுப் போட்டோவில் உன்னைப் பார்த்திருக்கிறான். தரங்கம்பாடிக் கரையில் படகு நிழலில் நீ ஒரு ஆளோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்ததாக என்னிடம் சொன்னான். நான் போகவேண்டாமென்று எழுதிய பிறகு போயிருக்கிறாய். ஆளுக்கு எத்தனை வயதிருக்கும் என்று அவனிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

யாரோடு பேசினாய்? என்ன பேசினாய்? அம்மாவுக்குத் தெரியுமா?

ஆல்பின்


சவேரியார்பட்டி
26.12.1998

அண்ணாவுக்கு,

கிறிஸ்து பிறந்த நாள் வாழ்த்துக்கள். நேற்று அம்மா கறி சமைத்தாள். உங்கள் நினைவாக ஒரு பங்கு எடுத்து வைத்துவிட்டுப் பிறகு தெருக்கோடி வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாள்.

நாகப்பட்டினம் என்று சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். இப்போது காரைக்கால் என்கிறீர்கள். கல்லறை கேட்டது அதற்காகத்தான். உங்களைச் சோதிக்க அதைவிட நல்ல கேள்வி எனக்குக் கிடைக்கவில்லை.

அண்ணா, அவர் உயிரோடு இருக்கிறார். அது உங்களுக்குத் தெரியும்.

நீங்கள் எழுதிய முதல் கடிதம் வரும்போதே எனக்கும் தெரியும். கல்லூரிச் சுற்றுலாவில் அந்தப் படகைப் பார்த்ததும் எனக்குப் பரண்மேல் இருக்கிற தகரப் பெட்டி ஞாபகம் வந்தது. அதன் மூடியில் பெயிண்டால் மதலைமுத்து என்று எழுதியிருக்கும், சின்ன வயதில் விரலால் அதன்மேல் ஓட்டி ஓட்டித்தான் நான் 'ம' எழுதக் கற்றேன். அதே வால். எழுதியது யார் என்று கேட்டேன். முத்து என்றார்கள். அன்றைக்கு அவர் அங்கே இல்லை. மாசி மாதம் நான் மட்டும் போனேன்.

ஒரு படகைக் கவிழ்த்துப் போட்டு அதில் பெயரெழுதிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன். சாராய வாடை அடித்தது. எந்த ஊர் பாப்பா என்றார். சொன்னேன். அப்பா பேர் என்ன என்று கேட்கவில்லை. கொஞ்ச நேரம் எழுதினார். அப்புறம், "விண்ணரசி மகளா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். தூரிகையை டப்பாவில் போட்டுவிட்டு, கையைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார், பெயிண்ட் போகவில்லை. "வெயில்ல நிக்காத" என்றார். அவ்வளவுதான் முதல் நாள் பேச்சு.

பிறகு சில தடவை போனேன். அவரோடு வேம்பு என்ற ஒரு அம்மா இருக்கிறார், மீன் விற்கிறார். நான் யாரென்று அவருக்குத் தெரியும். ஒரு வார்த்தை பேசமாட்டார், ஆனால் நான் போனால் தண்ணீர் கொண்டுவந்து வைப்பார். அப்பா எனக்கு எதுவும் கற்றுத் தரவில்லை. கேட்டால் சிரிக்கிறார். அம்மாவைப் பற்றி ஒரு நாளும் விசாரித்ததில்லை. அவர் நல்லவர் என்று நான் சொல்லவரவில்லை. அவர் எழுத்து நன்றாக இருக்கிறது. அதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

நான் படிப்பை விட்டது இதனால்தானா என்று கேட்பீர்கள். விதைப் பைதான் காரணம் என்று நானே நம்பியிருந்தேன். இப்போது எனக்கே தெரியவில்லை. சென்னைக்கு அனுப்பவேண்டிய அந்த ஒரு பக்கத்தை எழுதி எழுதிக் கிழிக்கிறேன்.

ஆனால் அதைவிடப் பெரிய கேள்வி உங்களிடம்தான். அம்மா தாலியைக் கழற்றினாளே. உயிரோடு இருக்கிற மனிதருக்காக வருஷா வருஷம் மழையில் நின்று மெழுகுவர்த்தி ஏற்றுகிறாளே. அவளிடம் எப்படி உங்களால் அப்படி ஒரு பொய் சொல்ல முடிந்தது? எதற்காக? நீங்கள் இந்த வீட்டுக்குப் பெரியவராக வேண்டும் என்பதற்காகவா?

அம்மாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பேன் என்று நினைக்கவேண்டாம்.

லின்சி


மஸ்கட்
24.1.1999

லின்சிக்கு,

சுகம்.

நான் எதுவும் சொல்வதற்கில்லை. சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். அம்மாவிடம் கேள்.

ஆல்பின்


சவேரியார்பட்டி
15.2.1999

என் அன்பு அண்ணாவுக்கு,

நீங்கள் நல்ல சுகத்தோடு இருக்கவேண்டும். இதை எழுதும்போது அம்மா பக்கத்தில்தான் இருக்கிறாள். என்ன எழுதுகிறேன் என்று கேட்கவில்லை.

உங்கள் கடிதம் வந்த பிறகும் எனக்குத் துணிச்சல் வரவில்லை. யாரிடம் வாக்குக் கொடுத்திருப்பீர்கள் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். சாமியாரா, அப்பாவா என்றெல்லாம் தோன்றியது. அம்மாவை மட்டும் நினைக்கவில்லை.

அறுப்பு முடிந்து நெல் களத்தில் காய்ந்துகொண்டிருந்தது. அம்மா காலால் நெல்லைத் துழாவிக்கொண்டே நடந்தாள். நானும் பின்னாலேயே நடந்து, அப்பாவைத் தரங்கம்பாடியில் பார்த்தேன் என்று சொல்லிவிட்டேன். அவள் விழுந்துவிடுவாள் என்று பிடிக்கத் தயாராக இருந்தேன். அவள் நடையை நிறுத்தவே இல்லை.

"தெரியும். உன் பையில கடல் மணல் கொட்டிச்சு. கும்மோணத்துல ஏது கடல்?" என்றாள்.

வரப்போரம் வரைக்கும் போய்த் திரும்பினாள். அப்புறம்தான் சொன்னாள். அப்பாவைத் தேடி உங்களை அனுப்பியதே அவள்தானாம். நீங்கள் திரும்பி வந்து, அப்பா அங்கே ஒருத்தியோடு இருக்கிறார், என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று சொல்லி அழுதீர்களாம். அம்மா அழவில்லையாம். உங்களை உட்காரவைத்து, நாகப்பட்டினம் ஆஸ்பத்திரி, காய்ச்சல், அடக்கம் முடிந்துவிட்டது என்று சொல்லிக் கொடுத்திருக்கிறாள். தெருவில் எப்படி அழுதுகொண்டு வரவேண்டும் என்றுகூட.

நான் ஏன் என்று கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"விட்டுட்டுப் போயிட்டான்னா, இவகிட்ட என்ன குறையோன்னு ஊரு பேசும். செத்துட்டான்னா, ஐயோ பாவம்னு பேசும். ரெண்டு புள்ளைய வச்சுக்கிட்டு எனக்கு அந்த ரெண்டாவது பேச்சு வேண்டியிருந்துச்சு. குத்தகைக்கு நிலம் குடுத்தாங்க. உன்ன சிஸ்டருங்க பள்ளிக்கூடத்துல சேத்துக்கிட்டாங்க. பொய்தான். என் பொய். அவன் சின்னப் பய, நான் சொன்னதைச் சொன்னான்."

ஊரிலும் நாலு பேருக்குத் தெரியுமாம். மீன் வாங்கப் போன இடத்தில் பார்த்திருக்கிறார்கள். ஒருவரும் அவளிடம் வந்து சொன்னதில்லை. அதற்காக அவர்கள் வீட்டு நல்லது கெட்டதுக்கெல்லாம் முதல் ஆளாகப் போய் நிற்பதாகச் சொன்னாள். நான் அதை அவளுடைய சுபாவம் என்று நினைத்திருந்தேன்.

மெழுகுவர்த்தி எதற்கு என்று கேட்டேன். அவள் குனிந்து நெல்லில் கிடந்த வைக்கோலைப் பொறுக்கி வெளியே போட்டாள். ஒருமுறை போய்ப் பார்க்கிறாயா என்றேன். "நான் ஒருத்தன அடக்கம் பண்ணிட்டேன். திரும்பத் தோண்ட எனக்கு வலு இல்ல. நீ போறதும் வர்றதும் உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டு நெல்லை அள்ளப் போய்விட்டாள்.

அண்ணா, உங்களைப் பற்றி நான் என்னென்னவோ நினைத்துவிட்டேன். எழுதியும்விட்டேன். பதினேழு வயதில் தெரு வழியாக அழுதுகொண்டு வந்த உங்களை இப்போது நினைத்தால் வேறு வேலை ஓடவில்லை.

சென்னைக்கு அந்த ஒரு பக்கத்தை எழுதி முடித்துவிட்டேன். விதைப் பையையும் எழுதினேன், படகையும் எழுதினேன். உங்கள் சம்மதம் வந்தால் தபாலில் சேர்ப்பேன்.

உங்கள்,
லின்சி


மஸ்கட்
6.3.1999

அன்புத் தங்கை லின்சிக்கு,

நலம், நலமறிய ஆவல். இந்த ஊரில் முதல் தடவையாக அந்த வார்த்தைகளை யோசித்து எழுதுகிறேன்.

அம்மாவே சொல்லிவிட்டாள் என்றால் எனக்கு இனி மறைக்க ஒன்றுமில்லை. நீ கேட்ட கேள்விக்கு எனக்குக் கோபம் இல்லை. நானும் உன்னை அப்படித்தானே கேட்டேன். நல்ல கையெழுத்து, படம் போடுகிற கை, இவற்றைக் கண்டாலே எனக்கு நம்பிக்கை போய்விடும். அவர் வண்டிக்கும் கடைக்கும் பெயரெழுதப் போய்த்தான் ஊர் ஊராகச் சுற்ற ஆரம்பித்தார். எழுதுகிற இடத்திலேயே தங்கிவிடுவார். உன் பையில் அந்த 'ம'வைப் பார்த்தபோது, இவளும் போய்விடுவாள் என்றுதான் முதலில் தோன்றியது. ஒரு பையன் பெயரை நீ எழுதியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது.

சென்னைக்குத் தபாலைப் போட்டுவிடு. அழைத்தால் போ. ஹாஸ்டல் நல்ல இடமாகப் பார்க்க சிஸ்டர்களிடம் சொல்.

எனக்கு ஜூன் மாதம் லீவு கிடைத்திருக்கிறது.

அவர் என்னைப் பற்றிக் கேட்டாரா? இல்லை, வேண்டாம். கேட்டிருந்தாலும் எழுதாதே.

அன்புடன்,
அண்ணன்


சென்னை
25.4.1999

என் அன்பு அண்ணாவுக்கு,

நான் இங்கே நலம். அம்மாவும் நலமாக இருக்கிறாள், போன ஞாயிறுதான் பார்த்துவிட்டு வந்தேன். என்னை எடுத்துக்கொண்டார்கள். நுங்கம்பாக்கத்தில் ஆபீஸ். சிஸ்டர்கள் நடத்துகிற ஹாஸ்டலில் இடம் கிடைத்திருக்கிறது. சுற்றி எல்லோரும் இங்கிலீஷ் பேசுகிறார்கள், பழகிவிடும்.

நேர்முகத்தில் மூன்று பேர் இருந்தார்கள். விதைப் பையை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு அம்மா நிறைய கேட்டார். எழுத்துக்கூட்டிப் படிப்பவர்களுக்காக நிறம் பிரித்தேன் என்றதும் மற்ற இருவரையும் திரும்பிப் பார்த்தார். பிறகு நான் பென்சிலில் வரைந்திருந்த படகு எழுத்துக்களைப் பார்த்து, இதையெல்லாம் எழுதியது யார் என்றார். அவர்களுக்கு அனுப்பிய பக்கத்தில் படகுக்காரர் ஒருவர் என்றுதான் எழுதியிருந்தேன். வாயில் வேறு வந்தது. "எங்க அப்பா. தரங்கம்பாடியில படகுக்குப் பேர் எழுதுறார்" என்றேன். ஊரில் நான் அப்படிச் சொல்லவே முடியாது. இங்கே யாருக்கும் எதுவும் தெரியாததால், அவர்கள் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள்.

சேர்வதற்கு முன்னால் தரங்கம்பாடிக்குப் போய் அவரிடம் சொன்னேன். சம்பளம் உண்டா என்று கேட்டார். உண்டு என்றேன். சரி என்றார்.

நீங்கள் எழுதவேண்டாம் என்றீர்கள். எழுதாமல் இருக்க முடியவில்லை, மன்னிக்கவேண்டும். அவராக உங்களைப் பற்றிக் கேட்டதில்லை. கிளம்பும்போது நானே, அண்ணன் ஜூன் மாதம் வருகிறார் என்று சொல்லிப் பார்த்தேன். படகைச் சுரண்டிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார். பிறகு, "அன்னிக்கு அந்தப் பய பசியோட நின்னான். தெரிஞ்சும் ஒரு வாய் சாப்பிடச் சொல்லல" என்றார். மறுபடி சுரண்ட ஆரம்பித்துவிட்டார். அவர் சொன்னதில் நான் எதையும் கூட்டவில்லை, குறைக்கவும் இல்லை. போவதும் போகாததும் உங்கள் விருப்பம்.

நீங்கள் லீவில் வருகிற செய்தியை அம்மாவிடம் சொன்னபோது, தரங்கம்பாடிக்குப் போனாலும் போவீர்கள் என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். அப்பா சொன்னதை அவளிடம் நான் சொல்லவில்லை. அவள் புடைத்துக்கொண்டிருந்த அரிசியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"போறதுன்னா போகட்டும். வந்து எங்கிட்ட ஒண்ணும் சொல்ல வேணாம்" என்றாள். கொஞ்சம் கழித்து, "சாப்பிட்டுட்டுப் போகச் சொல்லு. போன தடவ வெறும் வயித்தோட அனுப்பிட்டேன்" என்றாள்.

உங்கள் வரவை எதிர்பார்த்து,
லின்சி